இருள் கடந்த நடை

2009ஆம் ஆண்டில் ஒருநாள், பொழுது புலரும் முன்னர், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் உள்ள பீனிக்ஸ் பூங்காவில் ஏறத்தாழ 400 பேர் கூடினர். இருளில் நடக்கத் தொடங்கிய அவர்கள் 5 கிலோமீட்டரைக் கடந்தபோது கீழ்வானம் வெளுத்தது. தற்கொலையைத் தடுக்க வேண்டும் என்னும் நோக்கில் பியேட்டா ஹவுஸ் என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய அந்நடைக்கு ‘இருளிலிருந்து ஒளிக்கு’ என்பது பெயர். தெருவில் நடப்பதனால் உயிரைக் காக்க இயலுமா என நாம் வினவலாம். அதற்கு வரலாறே விடை கூறுகின்றது.

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வதைப் பழைய இங்கிலாந்து பெருங்குற்றமாகக் கருதியது. இறந்தவர் உடலை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. அவர்தம் உடைமைகளை அரசு பறிக்கும் முறை 1870இல்தான் ஒழிந்தது. இறந்தவரைத் தண்டிக்க இயலுமோ? தண்டனை முழுவதும் எஞ்சிய மனைவி மக்கள் மீதே விழுந்தது. ஆதலால் குடும்பங்கள் வாய்மூடி அழுதன.

இம்மனப்பான்மை கடல் கடந்தும் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என 309ஆம் பிரிவில் விதித்தது. அச்சட்டத்தைத் தழுவியே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்ற நாடுகளுக்கு 1871இல் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்து 1961இலும் அயர்லாந்து 1993இலும் இக்குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்கின. ஆனால், ஆட்சியாளர் கப்பலேறிச் சென்ற பின்னும் அவர்தம் சட்டம் இங்கேயே தங்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 சனவரி முதல் நாளிலும், மலேசியாவில் 2023ஆம் ஆண்டிலுமே அது நீங்கிற்று. அதுவரை, உதவி நாடி உண்மையை உரைத்தால் வழக்கு வருமோ என்னும் அச்சமும் துன்புற்றோரின் சுமையோடு சேர்ந்திருந்தது.

சட்டம் மாறுமுன்பே மாந்தர் சிலர் மாறினர். 1935இல் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்தினார். பருவமெய்திய இயல்பான மாற்றத்தைக் கொடிய நோயென அஞ்சி அவள் உயிர்துறந்தாள் எனப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். ‘அஞ்சாதே’ என்று சொல்ல ஒருவர் அவளுக்கு வாய்க்கவில்லை. 1953இல் இலண்டனில் ஒரு தேவாலயத்தில், ஒரு தொலைபேசியுடன் அவர் தொண்டைத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தோர்க்குத் தேநீர் அளித்த தொண்டர்கள், அவர்தம் துயரையும் செவிமடுத்தனர். பலர் அதனாலேயே ஆறுதலுற்று, அவரைக் காணாமலே திரும்பினர். கேட்பதே மருந்தாகும் என்பதை வாரா அங்கே கண்டார். அவ்வழியில் 1969இல் சிங்கப்பூரிலும் 1970இல் கோலாலம்பூரிலும் இத்தகைய செவிமடுக்கும் தொண்டுகள் தோன்றின.

தொலைபேசி, துன்புற்றவர்க்குத் தனிமையில் துணையாயிற்று. ஆயினும் ஊரின் மௌனம் கலையவில்லை. அதைக் கலைத்தவை இந்நடைகளே. 2002இல் அமெரிக்காவில் வர்சீனியாவிலிருந்து வாஷிங்டன் வரை, 26 மைல் தொலைவை மக்கள் இரவெல்லாம் நடந்து கடந்தனர். மறு ஆண்டு முதல் செப்டம்பர் 10ஆம் நாள் உலகத் தற்கொலைத் தடுப்பு நாளாகப் போற்றப்படுகின்றது. டப்ளினில் 400 பேர் நடந்தபோது, அந்நாட்டுச் சட்டம் மாறி 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு காலத்தில் குடும்பங்கள் மறைத்த துயரைத் தோளோடு தோள் சேர்ந்து ஊரறியச் சுமந்ததே அந்நடையின் சிறப்பாகும்.

நாம் நடக்க வேண்டிய தொலைவு இன்னும் உண்டு. ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒரு மாணவன் கட்டுரை ஏட்டில் எழுதுவானாயின், சந்திப்பிழையைத் திருத்துமுன் அவனை அருகழைத்து வினவுதல் ஆசிரியர் கடன். வினவினால் அவ்வெண்ணம் வலுக்கும் என்று பலர் அஞ்சுவர். நேரே வினவுவது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை என்பதே ஆய்வாளர் கண்ட முடிபு. நண்பன் அவ்வாறு உரைப்பின், மறைபொருளாகக் காவாது, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அழைத்துச் செல்லுதல் மாணவர் கடன். சட்டம் விலங்கை அகற்றிவிட்டது. உடன் நடப்பது நம் கையில் உள்ளது.