முன் சஸ்பென்ஷனை மாத்தலாமா? ரேஸ் குவாடின் கதையில் ஒரு பழைய கேள்வி

இன்னைக்கு எபிசோட் ரொம்பச் சின்ன ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. உங்ககிட்ட ஒரு ரேஸ் குவாட் இருக்குன்னு வெச்சுக்கோங்க. நாலு பருத்த டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் சீட். மண் தடத்துல ஓட்டுறீங்க. ஒவ்வொரு மேட்டுலயும் முன்பக்கம் மணிக்கட்டை உதறுது. வளைவுல உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்குது. இப்போ கேள்வி: முன் சஸ்பென்ஷனைக் கழட்டிட்டு, நீளமான ஏ-ஆர்மும் விலை உயர்ந்த ஷாக்கும் மாட்டலாமா, வேண்டாமா?

கேட்க மெக்கானிக் கடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனா இந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனப்போ, ஒரு விளையாட்டையே அதன் கம்பெனிகள் பாதியில விட்டுட்டுப் போன கதை எனக்குக் கிடைச்சுது. அதைக் கேட்ட பிறகு கேள்விக்கான பதிலும் மாறுது. அதனால முதல்ல வரலாறு, கடைசியில முடிவு.

1960-களின் பிற்பகுதி, அமெரிக்கா. அங்க குளிர்காலம் வந்தா மோட்டார்சைக்கிள் விற்பனை படுத்துடும். அந்த மாசங்கள்ல விற்க ஏதாவது கொடுங்கன்னு டீலர்கள் ஹோண்டாவைக் கேட்டாங்க. ஒசாமு டாகேயுச்சி என்ற ஹோண்டா பொறியாளர் அதுக்காக உருவாக்கினதுதான் 3 சக்கர வண்டி. 1970-ல் அமெரிக்காவில் யுஎஸ்90 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, விலை 595 டாலர். பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது. 1971-ல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி ஓட்டிட்டுப் போறது இந்த வண்டியைத்தான்.

நமக்கு இங்க முக்கியமான விஷயம் ஒண்ணு: அந்த வண்டியில ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. டயர்தான் சஸ்பென்ஷன். பலூன் மாதிரி ஊதின டயருக்குள்ள 2 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் காற்று. நம்ம பைக் டயர்ல பொதுவா 25-க்கு மேல அடிக்கிறோம். அப்போ 2 எவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு பாத்துக்கோங்க. மணல், சேறு, பனி எல்லாத்துலயும் அது மிதந்து போகும்.

மெதுவா ஓட்டுற வரைக்கும் பிரச்சினை இல்லை. வேகமாப் போனா கதை வேற. காற்று நிரம்பின ரப்பர், அமுங்கின வேகத்துலயே திரும்ப எகிறும். அந்த எகிறலை அடக்க எதுவும் இல்லை. ஷாக் அப்சார்பரோட உண்மையான வேலையே அதுதான். எடையைத் தாங்குறது ஸ்பிரிங். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியா தள்ளி, ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குறது ஷாக். இது இல்லாத வண்டியில ஓட்டுறவரோட முழங்காலும் முழங்கையும்தான் ஷாக்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ஆக்சில், டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால திருப்பும்போது வண்டி நேராப் போகத்தான் பார்க்கும். ஓட்டுறவர் உடம்பைச் சாய்ச்சு, எடையை மாத்தி, வண்டியை வளைவுக்குள்ள கொண்டு வரணும். ஷேர் ஆட்டோ வேகமா ஒரு வளைவுல திரும்பும்போது உள்ளே இருக்கிற எல்லாரும் ஒரு பக்கம் சரிவாங்க இல்லையா, அப்போ வயிற்றுல ஒரு பயம் வரும். 3 சக்கரத்தோட கணக்கு அதுதான். அதே கணக்கை மேடு பள்ளத்துல, சஸ்பென்ஷன் இல்லாம, ஒரு பதின்வயதுப் பையன் கையில கொடுத்தா என்ன ஆகும்?

இதே சமயத்துல மோட்டார்சைக்கிள் உலகத்துல ஒரு பெரிய மாற்றம் நடந்துட்டு இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் பின் சக்கரத்துக்கு ஒற்றை ஷாக் அமைப்பு ஒன்றை வடிவமைச்சார். யமஹா அதை எடுத்துக்கிட்டது. 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் அந்த அமைப்போட 250 சிசி உலக மோட்டோகிராஸ் பட்டத்தை ஜெயிச்சார். அதுக்கப்புறம் எல்லாக் கம்பெனியும் டிராவலைத் துரத்த ஆரம்பிச்சாங்க. டிராவல்னா சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் அசைய முடியும்ங்கிற அளவு. 1970-களின் தொடக்கத்துல ஏறக்குறைய 4 அங்குலமா இருந்த பின் சக்கர டிராவல், பத்து வருஷத்துக்குள்ள 12 அங்குலத்தைத் தொட்டது. தடங்களும் அதுக்கேத்த மாதிரி பெரிய தாவல்களோட மாறிப்போச்சு.

இந்த அலை 3 சக்கரத்துக்கும் வந்தது. 1981-ல் ஹோண்டா ஏடிசி250ஆர் வந்தப்போ முன்னாடி ஃபோர்க், பின்னாடி ஷாக், 2 ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லாம் இருந்தது. ரேஸுக்குன்னே பிறந்த வண்டி. வேகம் கூடுச்சு, ஆனா சக்கரம் மூணேதான்.

நாலாவது சக்கரத்தைக் கொண்டு வந்தது சுசுகி, 1983 மாடல் எல்டி125-ல். 1985-ல் அதே சுசுகி எல்டி250ஆர் குவாட்ரேசரை விட்டது. 1986-ல் ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர். 1987-ல் கவாசாகி டெகேட்-4, யமஹா பான்ஷீ. இந்த பான்ஷீ நமக்கு ஒரு வகையில சொந்தம். அதோட 347 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின், யமஹா ஆர்டி350 குடும்பத்தோட தண்ணியில குளிரும் அடுத்த தலைமுறை. நம்ம ஊர்ல ராஜ்தூத் 350-ன்னு ஓடுனது அதே குடும்பத்தோட காற்றுல குளிரும் மூத்த தலைமுறை.

குவாட் வந்த பிறகு முன்பக்க அமைப்பே மாறிடுச்சு. ஒரு ஃபோர்க்குக்குப் பதிலா, ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டு ஏ-ஆர்ம். ஆங்கில ஏ எழுத்து மாதிரி இருக்கும் இரும்புக் கைகள். அகலமான பக்கம் சட்டத்துல, கூர் பக்கம் சக்கரத்துல, நடுவுல ஷாக். இடது சக்கரம் கல்லுல ஏறினா வலது சக்கரத்துக்குத் தெரியாது.

நாலு கம்பெனி, நாலு ரேஸ் வண்டி. வருஷா வருஷம் போட்டி போட்டு மேம்படுத்தியிருக்கணும். ஆனா அது நடக்கலை.

3 சக்கர வண்டிகள்ல நூற்றுக்கணக்கானவங்க செத்திருந்தாங்க, அதுல நிறைய பேர் குழந்தைகள். 1987 டிசம்பர்ல அமெரிக்க அரசு நீதிமன்றத்துக்குப் போச்சு. 1988 ஏப்ரல்ல ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகியவை ஒரு சமரச ஆணைக்கு ஒத்துக்கிட்டாங்க. 10 வருஷத்துக்கான ஆணை. புதிய 3 சக்கர வண்டி விற்பனை நிற்கணும், வாங்குறவங்களுக்குப் பயிற்சி தரணும், பெரிய வண்டிகள் 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இல்லைன்னு எச்சரிக்கணும்.

அந்த ஆணை ரேஸ் குவாடைத் தடை பண்ணலை. ஆனா சூழல் மாறிப்போச்சு. டெகேட்-4 1988-லயே முடிஞ்சது. 1989-க்குப் பிறகு ஹோண்டா 250ஆரை நிறுத்திட்டது. 1992-க்குப் பிறகு சுசுகியும் நிறுத்திட்டது. பான்ஷீ மட்டும் அமெரிக்காவில் 2006 வரைக்கும், அடிப்படையில பெரிசா மாறாம, வித்துக்கிட்டே இருந்தது.

ஆனா ரேஸ் நிக்கலை. கம்பெனி போயிடுச்சு, ஓட்டுறவங்க போகலை. 1986-ல் வரைந்த வண்டியை வெச்சுக்கிட்டு 1990-கள் முழுக்க, இன்னும் பெரிசாகிட்டே போன தாவல்கள்ல குதிக்கணும். அப்போதான் சின்னச் சின்ன வெல்டிங் பட்டறைகள் உள்ளே வந்தாங்க. லேகர், ரோல் டிசைன், லோன்ஸ்டார், வால்ஷ் மாதிரியான பெயர்கள் இந்த உலகத்துல ஊறினவங்களுக்குத் தெரியும். அகலமான ஏ-ஆர்ம், நீளமான ஷாக், கடைசியில முழுச் சட்டத்தையே செய்து கொடுத்தாங்க. ஹோண்டா பாகம் கொஞ்சமே கொஞ்சம் உள்ள '250ஆர்' வண்டிகள் தடத்துல ஓடுச்சு.

'குவாட் வாங்கினா முதல்ல முன் சஸ்பென்ஷனை மாத்து' என்ற வழக்கம் வேரூன்றினது இங்கதான்னு நான் நினைக்கிறேன். அது ஆடம்பரமாத் தொடங்கலை. தொழிற்சாலை விட்டுட்டுப் போன ஓட்டையை ஓட்டுறவங்களே அடைச்ச வேலை அது.

பிறகு தொழிற்சாலைகள் திரும்பி வந்தாங்க. 1999-ல் ஹோண்டா 400இஎக்ஸ். 2004 மாடலா யமஹா ஒய்எஃப்இசட்450. 2006-ல் சுசுகி எல்டி-ஆர்450 கடையிலிருந்தே அகலமான முன்பக்கத்தோட வந்தது. 2009-ல் யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், சுமார் 49 அங்குல அகலத்துல. அடுத்த வருஷமே காட்டுப் பாதைக்குன்னு, மரங்களுக்கு நடுவுல நுழையுற மாதிரி, சுமார் 46 அங்குலத்துல 450எக்ஸ் என்ற தம்பியையும் யமஹா விட்டது. பட்டறைகள் 15 வருஷமாக் கத்துக்கொடுத்ததைத் தொழிற்சாலை படிச்சுக்கிட்டதுன்னு இதைப் பார்க்கலாம்.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். மாத்தலாமா?

முதல்ல, ஒண்ணை மாத்தினா எது எதெல்லாம் கூடவே மாறும்னு தெரிஞ்சுக்கணும். ஏ-ஆர்ம் நீண்டா ஸ்டீயரிங்கோட டை ராடும் நீளணும், பிரேக் ஹோஸும் எட்டணும். நெம்புகோல் கணக்கும் மாறும். ஒரு உதாரணத்துக்கு, ஆர்ம் 15 அங்குலம், ஷாக் 9-வது அங்குலத்துல பிடிச்சிருக்குன்னு வைங்க. ஆர்மை 17 ஆக்கி ஷாக்கை அதே இடத்துல விட்டா, சக்கரத்துல உணரும் ஸ்பிரிங் பலம் 20 சதவீதத்துக்கும் மேல குறையும். ஏன்னா அந்த விகிதம் இருமடியா வேலை செய்யும். அதாவது ஆர்மை மட்டும் வாங்கிப் பழைய ஷாக்கை மாட்டினா, வண்டி முன்னை விட மோசமா அடி வாங்கும். ரெண்டையும் சேர்த்து வாங்கினா, பழைய குவாடுக்கு நீங்க கொடுத்த விலையையே அது தொட்டுடலாம்.

கிடைக்கிறது என்ன? அகலம் கூடினா கவிழ்றது குறையும். டிராவல் கூடினா தாவி இறங்கும்போது அடி குறையும், கை சீக்கிரம் மரத்துப் போகாது. இது சொகுசு மட்டும் இல்லை. கை மரத்துப் போனவரால பிரேக்கைச் சரியாப் பிடிக்க முடியாது. ஆனா அகலமான வண்டி மரங்களுக்கு நடுவுல மாட்டும். டிராவலுக்காக வண்டியை உயர்த்தி நிறுத்தினா, அகலத்தால கிடைச்ச நிதானம் உயரத்தால போயிடும்.

அதனால என் முடிவு இப்படி. உங்க வண்டி 250ஆர், பான்ஷீ, 400இஎக்ஸ் வகையா இருந்து, நீங்க மோட்டோகிராஸ் தடத்துல போட்டிக்கு ஓட்டுறீங்கன்னா, மாத்துங்க. அந்த வண்டிகள் இன்னைக்கு இருக்கிற தாவல்களுக்காக வரையப்படலை. ஆர்மையும் ஷாக்கையும் ஒண்ணாவே மாத்துங்க, பாதி வேலை வேண்டாம்.

450ஆர் மாதிரி பிந்தைய வண்டியா இருந்தா, அவசரப்படாதீங்க. முதல்ல பால் ஜாயிண்ட், புஷ் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. ஷாக் எண்ணெய் எப்போ மாத்தினது? அடுத்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டு, சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை அளங்க. பிறகு இறக்கி, ஹெல்மெட் பூட்ஸோட ஏறி உட்கார்ந்து திரும்ப அளங்க. அமுங்கின அளவு மொத்த டிராவல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இருக்கணும். ரொம்ப விலகியிருந்தா உங்க எடைக்கு ஸ்பிரிங் பொருந்தலைன்னு அர்த்தம். ஒரு ஜோடி ஸ்பிரிங், முழு செட்டோட ஒப்பிட்டா சின்னச் செலவு. இதெல்லாம் செஞ்ச பிறகும் மணிக்கட்டு உதறினா, அப்போ பர்ஸைத் திறங்க.

1990-கள்ல அந்தப் பட்டறைக்காரங்களுக்கு வேற வழி இல்லை, மாத்தினாங்க. உங்களுக்கு இப்போ வழி இருக்கலாம். அவங்க அடைச்ச ஓட்டை உங்க வண்டியில இன்னும் இருக்கான்னு முதல்ல குனிஞ்சு பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.