மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள்

ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்கும் லாயாங் லாயாங்கிற்கும் இடையே அமைந்த சிற்றூர் செடெனாக். 1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்ற பின்னர், அப்பாதை சென்ற வட்டாரங்களில் காடு தோட்டமாயிற்று. தமிழகத்து ஏழை மக்கள் தோட்ட மக்களாயினர். ரப்பர் கோலோச்சிய வட்டாரத்தில் பின்னர் செம்பனை தழைத்தது. இன்று அதனருகே தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. தொழில் மாறிற்று, கருவி மாறிற்று. ஆயினும், மேலிருப்பவன் கீழிருப்பவனை எவ்வாறு நடத்துவது என்னும் வினா மட்டும் மாறவில்லை. அவ்வினாவிற்கு மலாயாத் தோட்டத் தமிழர் ஒருமுறை தெளிவான விடை எழுதினர்.

பழைய தோட்டத்தின் ஆட்சியை ஒரு படிக்கட்டு எனலாம். உச்சியில் வெள்ளைத் துரை, அடுத்துக் கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, அடிப்படியில் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே அச்சம் தொடங்கிவிடும். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே, காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி விரட்டுவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. கொடுமை தனிமனிதரின் குணக்கேடு மட்டுமன்று. அமைப்பே அதற்குக் கூலி கொடுத்தது. மேலிருந்து விழுந்த வசை படிப்படியாக இறங்கி, லயத்து வீட்டில் மனைவி மக்கள் மீது வந்து விழுவதும் உண்டு.

இதனைத் தாங்கத் தொழிலாளி கண்ட வழிகள் மூன்று: வாய் மூடிக் கிடத்தல், இரவோடு இரவாக வேறு தோட்டத்திற்கு ஓடிப்போதல், கள்ளுக்கடையில் துயர் மறத்தல். ஓடியவன் இன்னொரு கங்காணியின் கையில் அகப்பட்டான். குடித்தவனின் கூலி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைந்தது. தனித்தனியே தப்ப முயன்றவரை எந்தப் படியும் அசையவில்லை.

மாற்றம் மெல்ல வந்தது. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1938-இல் உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் வருகையை இந்திய அரசு நிறுத்தியது. விரட்டிய ஆளுக்கு மாற்றாளைக் கப்பலில் வரவழைப்பது இனி எளிதன்று என்ற நிலை பிறந்தது.

1941-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டுமென்று கேட்டதில் வியப்பில்லை. ஆனால், அக்கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. கொடிய அலுவலரை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்த வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை நீங்க வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் தொலைய வேண்டும். குறையை எடுத்துரைப்போர் பழிவாங்கப்படலாகாது என்பன அவற்றுட் சில.

மிதிவண்டிக் கோரிக்கை அற்பமானதாகத் தோன்றலாம். அன்று! அதில் இருந்தது மானம். இறுதியாகக் கூறியதிலோ பேரறிவு இருந்தது. வாய் திறப்பவனுக்குக் காப்பில்லையேல் மற்றக் கோரிக்கைகள் அனைத்தும் ஏட்டுச் சுரைக்காய்தான் என்பதைப் பள்ளிக்கூடம் அதிகம் காணாத மக்கள் உணர்ந்திருந்தனர்.

அரசு அடக்குமுறையால் விடையளித்தது. மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் பரவவே, சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுப்பும் வந்து சேர்ந்தது.

தோல்விதானா அது? அன்று கேட்டவற்றுட் பல காலம் கடந்து வந்தன. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாயிற்று. வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது 2023 சனவரி முதல் நாளன்று. லயத்துப் பெண்களுக்காக எழுப்பிய குரல் சட்ட ஏட்டை அடைய எழுபது ஆண்டுகள் ஆயின!

இன்று செடெனாக்கில் செம்பனைக் காட்டிலோ, கண்ணாடிக் கட்டடத்திலோ பணிபுரியும் ஓர் இளைஞன் மேலாளரின் வசைக்கு நாள்தோறும் அஞ்சி வாழக்கூடும். மௌனம், ஓட்டம், மது என்னும் பழைய வழிகள் அவன் முன்னும் திறந்தே கிடக்கின்றன. வேலையை விட்டு விலகுவது சில வேளைகளில் அறிவுடைமையே. ஆயினும், அவன் விட்ட இடத்தில் வந்தமர்பவனுக்கு அதே வசை காத்திருக்கும். நடந்ததை நாள் குறித்து எழுதிவைத்தல், உடன் பணிபுரிவோரோடு சேர்ந்து பேசுதல், சங்கத்தையும் தொழிலாளர் அலுவலகத்தையும் நாடுதல் ஆகியவையே கிள்ளான் காட்டிய வழி. அன்று அவ்வழியில் நடந்தோர் உயிரையும் விலையாகத் தந்தனர். இன்று அவ்வழியில் சட்டம் ஓரளவேனும் துணை நிற்கிறது. அத்துணையைப் பயன்படுத்தாது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்பது, அவர்கள் தந்த விலையை மறப்பதாகும்.