கொப்பியில் எழுதிய கற்பனைச்சுரம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் கீர்த்தனையைப் பிசகாமல் பாடிவிடுவார்கள். கற்பனைச்சுரம் என்று வந்தால் திணறுவார்கள். ராகத்தை விட்டு விலகக்கூடாது, தாளம் தவறாமல் எடுப்புக்கு வந்து சேரவேண்டும், ஆனால் சுரம் அந்தக் கணத்தில் பிறக்கவேண்டும். பரீட்சை நெருங்கினால் ஆசிரியரே சுரங்களைக் கொப்பியில் எழுதிக்கொடுத்துப் பாடமாக்கவைப்பதும் உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். மூளைக்கு அவை வேறுவேறு வேலைகள்.

2008இல் சார்ள்ஸ் லிம், அலன் பிரவுன் ஆகியோர் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் வாசிக்கவைத்தார்கள். பாடமாக்கிய மெட்டை வாசித்தபோது இல்லாத ஒரு மாற்றம் சுயமாக வாசித்தபோது தெரிந்தது. தன்னைத்தானே கண்காணிக்கும் முன்மூளைப் பக்கப்பகுதி அடங்கியது. சுய வெளிப்பாட்டோடு தொடர்புடைய நடுப்பகுதி உயிர்ப்புப் பெற்றது.

அப்படியென்றால் கட்டுப்பாடே தேவையில்லையா? அதுவும் இல்லை. 2018இல் ரோஜர் பீட்டி குழுவினர் 163 பேரிடம் காலுறை, சவர்க்காரம் போன்ற பொருட்களுக்குப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். புதுமையாக யோசித்தவர்களின் மூளையில் மூன்று வலையமைப்புகள் இறுக்கமாக இணைந்திருந்தன. ஒன்று, சும்மா இருக்கும்போது நினைவையும் கற்பனையையும் கிளறும் இயல்புநிலை வலையமைப்பு. அடுத்தது, கவனத்தைக் குவித்து விதிகளைக் காப்பது. வழக்கமாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மூன்றாவது, எது முக்கியம் என்று தெரிவு செய்வது.

முதலிரண்டுக்கும் இடையே ஆளிபோல் செயற்படுவது இந்த மூன்றாவதன் ஒரு பகுதியான வலது முன் இன்சுலா என்பதைக் காட்டிய 2008ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் தேவராஜன் ஸ்ரீதரன். இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். அந்த ஆய்வில் ஒரு பகுதியினர் செய்ததும் இசை கேட்பதுதான்.

"இவளுக்குக் கணக்குத்தான் வரும், வலது மூளை குறைவு" என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தும் அப்படி ஆட்களைப் பிரிக்கச் சான்று கிடைக்கவில்லை.

ஜாஸ் கலைஞர்களின் கண்காணிப்பு அடங்கியதற்கு, விதிகள் அவர்கள் விரலில் ஊறியிருந்தது ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சரளி வரிசையும் அலங்காரமும் வீண் இல்லை. ஆனால் ராகம் தொண்டையில் ஊறிய பிள்ளைக்குக் கொப்பியை மூடிவைத்து, ஓர் ஆவர்த்தனமாவது பிழையாகப் பாட விடவேண்டும். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையிலுள்ள முக்கால் மணிநேர வகுப்பில் அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.