கண்ணுக்குத் தெரியாத ஒளியை அளந்த கதை

சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். நெருக்கப்பட்ட காற்று சூடாகும். 2007 அக்டோபர் 21ஆம் நாள், மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முசாபார் பூமிக்குத் திரும்பியபோது, கலத்தின் முன்னே நெருக்கப்பட்ட காற்றும் அவ்வாறே பல ஆயிரம் டிகிரி சூடேறியது.

நிலவிலிருந்து வரும் கலமோ வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் புகும். அப்போது சூடேறிய காற்று விடும் ஒளியும் கவசத்தைச் சுடும். அதில் ஒரு பகுதி, 1801இல் ஜெர்மானியர் ரிட்டர் கண்டறிந்த புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாத அதை அளப்பது எப்படி?

1899இல் பிரெஞ்சுக்காரர் பால் வியெய் ஒரு குழாய் அமைத்தார். நடுவே மெல்லிய தடுப்பு. ஒருபுறம் அழுத்தமிக்க வாயு, மறுபுறம் சாதாரணக் காற்று. தடுப்பு கிழிந்ததும் அதிர்வலை பாய்ந்து காற்றைச் சூடேற்றும். 1955இல் அமெரிக்காவில் கான்ட்ரோவிட்ஸ் தொடங்கிய ஆய்வுக்கூடம், ஏவுகணைகளுக்காக இம்முறையை வளர்த்தது. வினாடியில் மிகச் சிறு பகுதிதான் அந்த ஒளி நிற்கும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே குவார்ட்ஸ் சன்னல் வழியே கருவிகள் அதைப் பதிவு செய்தன. காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிப் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதில் அடையாளம் காட்டியது.

போருக்கென வளர்ந்த அறிவு, விண்கலக் கவசம் அமைக்கவும் உதவியது. பெற்றோர்களே, "பம்பு ஏன் சுடுகிறது?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.