நச்சு வெளியீட்டைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் சட்டங்கள்: தமிழ்நாடு

தொழிற்சாலைகள் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் விடும் நச்சு வேதிப்பொருள்கள் எவை, எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டங்களும் விதிகளும் நீதிமன்ற ஆணைகளும் இத்தலைப்பில் அடங்கும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளில் இதற்கெனத் தனிச் சட்டமும் யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடும் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் (2025 நவம்பர் வரை), சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், அவற்றின் கீழ் வந்த விதிகள் எனப் பல இடங்களில் இக்கடமை சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஆலையை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வைக்கின்றன; தெருவுக்குச் சொல்ல வைப்பவை சில.

இந்தச் சிதறலின் பொருள் கேளம்பாக்கம் போன்ற ஊரில் நன்றாக விளங்கும். பழைய மகாபலிபுரம் சாலையும் வண்டலூர் சாலையும் கோவளம் சாலையும் கூடும் இடம் இது. வடக்கே சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, கிழக்கே உப்பங்கழியும் உப்பளங்களும், தெற்கே திருப்போரூரைத் தாண்டினால் ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை. இங்கே புதிதாக ஃபிளாட் வாங்குபவர் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்டு வாங்கிவிடலாம். சுற்றுவட்டார ஆலைகள் போன ஆண்டு எதை எவ்வளவு வெளியேற்றின என்பதை அப்படி ஓரிடத்தில் வாங்க முடியாது.

1984க்கு முன்

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் அபாயமானவை, அருவருப்பானவை என்று பட்டியலிட்ட தொழில்களுக்கு உரிமம் வாங்கச் சொன்னதோடு நின்றது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும் பல்லாவரத்துத் தோல் ஆலைகளும் வளர்ந்தது அந்த ஏற்பாட்டின் கீழ்தான்.

1974ஆம் ஆண்டின் நீர் (மாசுத் தடுப்பு, கட்டுப்பாடு) சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாநில வாரியம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்றது. ஆலைக்கு இசைவாணையில் விதித்த நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்பட்டவரும் அக்கறை உள்ளவரும் உரிய நேரத்தில் அதைப் பார்க்கலாம். காற்றுச் சட்டம் (1981) 51ஆம் பிரிவில் இதையே திருப்பிச் சொன்னது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைந்தது. இந்தப் பதிவேட்டை யார் வந்து பார்த்தார்கள் என்பது பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பார்த்திருந்தாலும் எவ்வளவு விடலாம் என்பதுதான் அதில் இருந்திருக்கும். எவ்வளவு விட்டார்கள் என்பது இருந்திருக்காது.

போபாலும் அதன் பின்னும்

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. மறுநாள் மருத்துவமனையில் குவிந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தவர்களுக்கே அது என்ன வாயு, என்ன மாற்று மருந்து என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. சோடியம் தயோசல்பேட் தந்திருக்க வேண்டுமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீண்டது. அதில் இன்றும் இரு தரப்பு உண்டு. உலகெங்கும் இத்துறையில் வந்த சட்டங்கள் பலவும் இந்த இரவிலிருந்தே தம் கதையைத் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் 1985 ஆகஸ்டில் வேறொரு வாயு கசிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1986 அக்டோபரில் 'அவசரத் திட்டமிடலும் மக்கள் அறியும் உரிமையும்' பற்றிய சட்டம் அங்கு நிறைவேறியது. அதன் 313ஆம் பிரிவின்படி ஆலைகள் 300க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களின் ஆண்டு வெளியீட்டை அறிவிக்க வேண்டியதாயிற்று. 1987ஆம் ஆண்டுக்கான முதல் கணக்குகள் 1988 ஜூலையில் வந்து சேர்ந்தன. அந்தச் சட்டம் வெளியீட்டுக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை, வெளியே சொல் என்று மட்டும் கேட்டது. சொல்ல வேண்டி வந்ததாலேயே பல நிறுவனங்கள் வெளியீட்டைக் குறைத்தன என்பர் ஒரு சாரார். கணக்கிடும் முறையை மாற்றிக் காகிதத்தில் குறைத்தவையும் உண்டு என்பர் மற்றொரு சாரார்.

இந்தியாவும் அதே 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை இயற்றியது, ஆனால் போன திசை வேறு. சட்டத்தின் 9ஆம் பிரிவு, அளவை மீறிய வெளியேற்றம் நடந்தால் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்கிறது. அக்கம்பக்கத்தார் பெயர் அதில் இல்லை. மக்களை நேரே குறிப்பிட்ட சட்டம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம். அதன் 41-பி பிரிவு, அபாயகரமான தொழில் நடத்துபவர் அதன் ஆபத்துகளையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும் தலைமை ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் 'அருகில் வாழும் பொதுமக்களுக்கும்' வெளிப்படுத்த வேண்டும் என்றது. போபால் இல்லாமல் இந்தச் சொற்கள் அச்சட்டத்தில் ஏறியிருக்க மாட்டா.

இதே ஆண்டுகளில் ஆலை வாசலுக்கு ஒரு பலகையும் வந்தது. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆலையைத் திறக்க 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளுள் இது ஒன்று: குளோரின் உடலை என்ன செய்யும், பட்டால் உடனே என்ன சிகிச்சை என்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒவ்வொரு பிரிவிலும், ஆலையின் கேட்டிலும் வைக்க வேண்டும். அந்த வழக்கை 'முழுப் பொறுப்பு' என்ற கோட்பாட்டுக்காகவே சட்ட நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கேட்டில் மாட்டிய பலகைக்கு அவற்றில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். இத்தலைப்பைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிதான் முக்கியம்.

1989ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள் பெருவிபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்கு அறிக்கை தரச் சொல்கின்றன. விபத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தருவதற்கு 15ஆம் விதி உண்டு. 1996இல் வந்த வேதியியல் விபத்து விதிகள் மாநில, மாவட்ட, உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழுக்களை அமைத்து, மக்களுக்குத் தகவல் சொல்வதை அவற்றின் பணிகளில் சேர்த்தன. இரண்டுமே விபத்தை நினைத்து எழுதப்பட்டவை. அன்றாடம் புகைபோக்கி வழியாக ஓசையில்லாமல் போவது இவற்றின் கணக்கில் வராது.

அன்றாட வெளியீட்டுக்கு 1992 மார்ச்சில் ஒரு வழி பிறந்தது. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கையை மாநில வாரியத்திடம் தர வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. மறு ஆண்டே அது 'சுற்றுச்சூழல் அறிக்கை' ஆனது. செப்டம்பர் 30க்குள் தர வேண்டிய படிவம் 5 இதுதான். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், என்ன மூலப்பொருள், நீரிலும் காற்றிலும் எவ்வளவு மாசு விட்டோம் எனப் பகுதி பகுதியாக ஆலை தானே நிரப்பும். அமெரிக்கப் பதிவேட்டில் இருக்கும் தகவலில் கணிசமான பங்கு இதிலும் இருக்கிறது. வெளியிட வேண்டும் என்ற ஒரு வரிதான் இல்லை. கோப்புகள் வாரிய அலுவலகத்திலேயே தங்கிவிட்டன.

பல்லாவரம் உள்ளிட்ட செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் ஆலைகளையும் தொட்ட வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு (1996 ஆகஸ்ட் 28) இழப்பீட்டையும் சுத்திகரிப்பையும் பேசியது. அறிக்கையிடலைப் பற்றி அதில் அதிகம் இல்லை.

கொடைக்கானல்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 1980களின் முற்பாதியில் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டத்தின் கண்ணில் படாமலே அது கடல் தாண்டிவிட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான அந்த ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் மூஞ்சிக்கல் காயலான் கடையில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஊராரும் தன்னார்வ அமைப்புகளும் வெளிக்கொணர்ந்தனர், ஆலை மூடப்பட்டது. காட்டிலும் காற்றிலும் கலந்த பாதரசம் எவ்வளவு என்பதில் நிறுவனத்தின் கணக்கும் அமைப்புகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. 2003இல் கழிவின் ஒரு பகுதி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016இல் உடன்பாடு ஏற்பட்டது.

கடலூர், 2003–2009

தமிழ்நாட்டில் இத்தலைப்பின் வரலாறு ஆவணங்களோடு தடித்து நிற்பது கடலூர் சிப்காட்டில். 1980களில் அமைந்த இந்தத் தொழிற்பேட்டையின் வேதியியல் ஆலைகளை ஒட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சோனஞ்சாவடி ஆகிய ஊர்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் 1998இல் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று இங்கு விசாரித்து அறிக்கை தந்திருந்தது.

2003 அக்டோபர் 14 அன்று அபாயகரக் கழிவுகள் பற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் நீண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஆலைகள் தாம் பயன்படுத்தும் அபாயகரமான வேதிப்பொருள்களின் தன்மை, அளவு, நீரிலும் காற்றிலும் விடுபவை, உள்ளே சேரும் திடக்கழிவு ஆகியவற்றின் விவரத்தை மெயின் கேட்டுக்கு வெளியே காட்ட வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. 1986இல் ஒரே ஆலைக்கு விதித்த பலகை இப்போது நாட்டுக்கே பொதுவாயிற்று. ஆணையைக் கண்காணிக்க அமைந்த குழுவுக்குத் தலைவர் ஜி. தியாகராஜன். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். குரோமியக் கழிவு பற்றி அவருக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்குழு 2004இல் கடலூருக்கும் தூத்துக்குடிக்கும் நேரில் வந்தது.

அதே ஆண்டில் சிப்காட் சுற்றுவட்டார ஊர்மக்கள் தாங்களே கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், நாற்றம் எதைப் போன்றது, கண் எரிந்ததா, தொண்டை கமறியதா என்று பயிற்சி பெற்றவர்கள் எழுதி வைத்தார்கள். எந்த ஆலையை ஒட்டி எந்த நாற்றம் என்பது இப்படிக் கோடு கிழித்தாற்போல் பிரிந்தது. அடுத்தது வாளி. மூடியுள்ள சாதாரண பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வேதிப்பொருள் ஒட்டாத ஒரு பை, வாளியிலிருந்து காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்ப். வாளிக்குள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று பைக்குள் போய் நிறையும். பையைக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். 1990களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் அருகே வாழ்ந்தவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட கருவி இது. கடலூர் மாதிரிகளும் அமெரிக்க ஆய்வகத்துக்கே போயின. 2004இல் வந்த அறிக்கை 22 நச்சு வேதிப்பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 8 புற்றுநோயோடு தொடர்புள்ளவை என்றது. சில நிமிடக் காற்றை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு கட்டலாமா என்று ஆலைத் தரப்பு கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஆண்டு முழுவதற்குமான அளவு வேறு யாரிடமும் வெளியில் இல்லை.

காற்றில் கலக்கும் இத்தகைய கரிம ஆவிகள் பலவற்றுக்கு அன்று இந்தியாவில் தர அளவே கிடையாது. 2009 நவம்பரில் திருத்தப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சீன் உட்பட 12 பொருள்கள் இடம்பெற்றன. இதற்குக் கடலூர் வாளிதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள்; பல காரணங்களுள் ஒன்று என்பதே பாதுகாப்பான கூற்று.

பலகைகளும் வந்தன. பெயின்ட் அடித்த கட்டங்கள், எழுதி அழிக்க வசதி. ஆனால் நேற்றைய அளவைக் காட்ட வேண்டிய கட்டத்தில் எப்போதோ எழுதிய எண் வெயிலில் மங்கியபடி நிற்பதைத் தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைச் சாலைகளில் காணலாம்.

தகவல் உரிமையும் இணையமும்

இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகளின் பட்டியல் நீளம். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் 10 ரூபாய்க் கட்டணத்தில் படிவம் 5 கோப்பிலிருந்து வெளியே வரத் தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்து ஆலை என்றால் மனு வாரியத்தின் மறைமலைநகர் அலுவலகத்துக்குப் போகும். 8(1)(டி) பிரிவின் வணிக ரகசியத்தைச் சொல்லி மறுப்பதும் நடக்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி பெற்ற ஆலைகளின் அரையாண்டு அறிக்கைகளைப் பொது ஆவணம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து மேலும் தெற்கே போனால் வரும் கல்பாக்கம் இவை எதிலும் முழுதாக அடங்காது. அணுசக்திச் சட்டம் (1962) தகவலைத் தடுக்க மத்திய அரசுக்குத் தனி அதிகாரம் தந்தது.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை ஆலைகளைத் தொடர் இணைய அளவுக்கருவி பொருத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே சில ஆலைகளின் புகைபோக்கிகள் சென்னையிலுள்ள மாநில வாரிய மையத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. 2013 மார்ச் 23 அன்று தூத்துக்குடியில் மக்களுக்குக் கண் எரிந்து தொண்டை அடைத்தபோது ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கருவி கந்தக டை ஆக்சைடு அளவு மீறியதைப் பதிவு செய்திருந்தது. கருவியைச் சரிபார்த்தபோது பதிவான எண் அது என்றது நிறுவனம். வாரியம் ஆலையை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மே மாத இறுதியில் மீண்டும் இயங்க விட்டது. அந்த எண்ணின் பொருள் என்ன என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நேரலை அளவுகளை மாநில வாரியங்களின் இணையதளத்தில் எல்லோரும் காண வைக்க வேண்டும் என்றது.

அண்மைக் காலம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்களுக்கு முதலில் சேதி சொன்னது நெடிதான். மறுநாள் வாரியம் ஆலை வாசலில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக, 400தான் வரம்பு என்ற குறிப்போடு வெளியிட்டது. கசிந்தது 67 டன்னுக்கு மேல் என்று பின்னர் கசிவை ஆராய்ந்த கூட்டுக் குழு கணித்தது.

2023இல் இயற்றப்பட்ட ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் சட்ட மீறல்கள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் ஆக்கியது. 2025 ஆகஸ்டில் பதிவுபெற்ற தணிக்கையாளர்களை வைத்து ஆலைகளைச் சரிபார்க்கும் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வேதிப்பொருள்களைப் பதிவு செய்யவும் 1989, 1996 விதிகளுக்குப் பதிலாகவும் 2020இல் சுற்றுக்கு விடப்பட்ட வேதிப்பொருள் மேலாண்மை விதிகள் வரைவு நிலையிலேயே உள்ளன.