அஞ்சலிக் குறிப்புகளில் விடுபடும் சேலம்: மாடர்ன் தியேட்டர்ஸ் நடிப்புக் கலைஞர்களின் வாழ்வும் தொழிலும்

ஆய்வுச்சுருக்கம்

மறைந்த திரைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அவர்கள் இறந்தபின் எழுதப்படும் அஞ்சலிக் குறிப்புகளின் வழியே நிலைபெறுகிறது. அக்குறிப்புகள் ஒருவரது இறுதிக்காலப் புகழிலிருந்து பின்னோக்கி எழுதப்படுவதால், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் அவர்கள் ஏற்ற மாறுபட்ட வேடங்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை அல்லது துணைத்தகவலாகச் சுருங்கிவிடுகின்றன. நடிகரை அலகாகக் கொள்ளாமல் படநிறுவனத்தை அலகாகக் கொண்டு நோக்கினால் அவ்வாழ்க்கைகள் வேறு வடிவம் பெறுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாடர்ன் தியேட்டர்ஸ், டி. ஆர். சுந்தரம், அஞ்சலிக் குறிப்பு, எம். என். நம்பியார், ஆர். எஸ். மனோகர், மனோரமா, சூரமங்கலம்

முன்னுரை

இறந்தாரைப் பாடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. புறத்திணையின் கையறுநிலை இறந்தவனின் குணங்களுள் சிலவற்றைத் தேர்ந்துகொண்டு பிறவற்றை விட்டுவிடுகிறது. நடுகல்லும் அவ்வாறே, வீழ்ந்தவனின் முழுவாழ்வையும் அது சொல்வதில்லை, வீழ்ந்த செயலையே சொல்கிறது. நாளிதழ்களும் வார இதழ்களும் திரைக்கலைஞர்களுக்கு எழுதும் அஞ்சலிக் குறிப்புகள் இத்தேர்வு முறையை அறிந்தோ அறியாமலோ தொடர்கின்றன எனலாம். பிறந்த ஊர், சிறுவயது நாடகக்குழு, முதற்படம், பெரும்புகழ் தந்த வேடம், உடன் நடித்த உச்ச நட்சத்திரம், விருது, இறப்பு என்னும் வரிசை ஏறத்தாழ மாறுவதே இல்லை. நினைவுக்குரிய வகைமையாக இதில் குறைகாண வேண்டியதில்லை. ஆனால் இவ்வரிசையையே கலைக்களஞ்சியப் பதிவுகளும் ஆய்வேடுகளும் எடுத்துக்கொள்ளும்போது சிக்கல் தொடங்குகிறது. சேலத்தில் தயாரான படங்களை முன்வைத்து அச்சிக்கலை அணுகலாம்.

சூரமங்கலத்திலிருந்து ஏற்காடு சாலை வரை

சேலம் சந்திப்பு நகரின் மேற்கே சூரமங்கலத்தில் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாக மலபார்க் கரை செல்லும் இருப்புப்பாதையில் அது முக்கியமான நிலையம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளாகமோ நகரின் வடபுறம், சேர்வராயன் மலையடிவாரம் நோக்கிச் செல்லும் ஏற்காடு சாலையில் இருந்தது. இன்று அதன் நுழைவு வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. சென்னை, கோவை, கொச்சி ஆகிய மூன்று திசைக் கலைஞர்களையும் ஒரே இருப்புப்பாதையில் வரவழைக்க முடிந்த ஊர் என்பதை, இந்நிறுவனம் தொடக்கத்திலேயே பலமொழிப் படங்களில் இறங்கியதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருத இடமுண்டு. 1938இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' இந்நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் நாயகன் கே. கே. அரூர், நாயகி எம். கே. கமலம் ஆகியோரின் பெயர்கள் கேரளத் திரைவரலாற்றில் முதல் பக்கத்தில் நிற்கின்றன; சேலத்தின் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது.

நிறுவனர் டி. ஆர். சுந்தரம் (1907-1963) திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஏஞ்சல் பிலிம்ஸ் கூட்டு முயற்சிக்குப்பின் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படம் 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அதன் நாயகி கே. தவமணிதேவி இலங்கைத் தமிழர். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இவ்வளாகத்திலிருந்து வெளிவந்தன. நெசவாலையின் ஒழுங்கைப் படத்தொழிலுக்குக் கொண்டுவந்தவர் என்று சுந்தரத்தைச் சொல்வது மிகையன்று. வளாகத்தில் அவருக்கு வழங்கிய பெயர் 'முதலாளி'.

மாதச் சம்பளமும் மாறும் வேடமும்

எழுத்தாளர், இசைக்கலைஞர், தொழில்நுட்பர், நடிகர் எனப் பலரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்து அடுத்தடுத்துப் படம் எடுப்பது இந்நிறுவனத்தின் முறை. இம்முறையில் கதைக்கேற்ற நடிகரைத் தேடுவதைவிட, கையிலிருக்கும் நடிகருக்கு ஏற்பக் கதையைப் பங்கிடுவது இயல்பானது. ஒரு படத்தில் வஞ்சகனாக வந்தவர் மறுபடத்தில் மையப்பாத்திரம் ஏற்கலாம். நட்சத்திர மதிப்பை நம்பி முதலீடு செய்த பிற நிறுவனங்களில் இத்தகைய இடமாற்றம் எளிதன்று.

பி. யு. சின்னப்பாவின் (1916-1951) வாழ்க்கை இதற்கு முதற்சான்று. வாய்ப்புக் குன்றிய நிலையில் இருந்த அவரை இரட்டை வேடத்தில் அமர்த்தி 1940இல் 'உத்தம புத்திரன்' எடுக்கப்பட்டது. 1942இல் சுந்தரனாரின் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தழுவிய 'மனோன்மணி'யில் டி. ஆர். ராஜகுமாரியுடன் நடித்தார். முப்பத்தைந்து வயதில் மறைந்த அவரை எழுதுவோர் எம். கே. தியாகராஜ பாகவதருடன் ஒப்பிட்டே எழுதுகின்றனர். அந்த ஒப்பீடு அவரைப் பாடகராக நிறுத்திவிடுகிறது. இரு உடல்மொழிகளை ஒரே படத்தில் வேறுபடுத்திக் காட்டிய நடிகர் பின்னுக்குப் போய்விடுகிறார்.

எம்.ஜி.ஆர். தொடர்பாக வாய்மொழியாக வழங்கும் ஒரு கதையையும் இங்குக் கருதவேண்டும். முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) முடிவடையும் தறுவாயில் நாயகன் வர இயலாதபோது, மாற்று ஆளை வைத்துச் சில காட்சிகளைச் சுந்தரம் முடித்துவிட்டார் என்பது அக்கதை. எம்.ஜி.ஆர். வாழ்க்கை பற்றிய பேச்சில் இது இரு பெரியவர்களின் மனத்தாங்கலாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ அல்லவோ, இவ்வளவு காலம் விரும்பிச் சொல்லப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். நடிகர் இன்றியும் படம் நடக்கும் என்ற ஆலைநெறியை அது ஒரே நிகழ்ச்சியில் காட்டிவிடுகிறது.

மந்திரி குமாரி யாருடைய படம்?

1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி' இன்று எம்.ஜி.ஆர்., மு. கருணாநிதி ஆகிய இரு முதல்வர்களின் இளமைக்காலப் படமாக நினைவுகூரப்படுகிறது. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கிய இப்படத்தின் கதைமூலம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி. கள்வனை மணந்து, தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றவனைத் தானே தள்ளிக்கொல்லும் பெண்ணின் கதை அது. அந்தப் பெண்ணாக நடித்தவர் மாதுரிதேவி. கள்வனாகிய பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜன் நடித்தார். படத்தின் தலைப்பு, காப்பிய மூலம், உச்சக்காட்சி ஆகிய மூன்றும் இவ்விருவரையே சார்ந்துள்ளன, எம்.ஜி.ஆர். ஏற்ற தளபதி வேடம் கதையின் மற்றொரு கிளையில் இயங்குகிறது.

எனினும் பிற்காலத்தில் இப்படம் யார்பெயரால் வழங்குகிறது என்பதைப் பார்த்தால், திரைப்படத்திற்கு வெளியே நிகழ்ந்த அரசியல் வரலாறு திரைக்குள்ளிருந்த வேடப்பங்கீட்டை மாற்றியமைத்திருப்பது புலனாகிறது. மாதுரிதேவிக்கும் நடராஜனுக்கும் அதற்குப்பின் அதற்கு இணையான புகழ் வாய்க்கவில்லை. இறுதிப்புகழ் இல்லாதவருக்குப் பின்னோக்கி எழுதத் தொடக்கப்புள்ளியே இல்லாமற் போகிறது.

நம்பியார்: வில்லனுக்கு முன்

எம். என். நம்பியார் (1919-2008) மறைந்தபோது எழுதப்பட்டவற்றில் இரண்டு செய்திகள் மேலோங்கின: திரையில் கொடியவர், வாழ்வில் ஐயப்ப பக்தர். இம்முரணை விரும்பாத வாசகர் இல்லை. ஆயினும் இந்த எதிர்நிலை அவரது நடிப்பு வாழ்க்கையின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. நவாப் ராஜமாணிக்கம் நாடகக்குழுவில் பயின்று 1935இல் 'பக்த ராமதாஸ்' வழியாகத் திரைக்கு வந்த அவர், 1950இல் சேலத்தில் வெவ்வேறு தன்மையுடைய இரு வேடங்களை ஏற்றார். 'மந்திரி குமாரி'யில் சூழ்ச்சி நிறைந்த ராஜகுரு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவிய 'திகம்பர சாமியா'ரில் பதினொரு மாறுவேடங்களில் தோன்றித் துப்புத்துலக்கும் மையப்பாத்திரம். ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில், அறத்தை வெல்ல முயல்பவராகவும் அறத்தை நிலைநாட்டுபவராகவும் அவர் நடிக்க முடிந்தது. அந்த ஆண்டோடு அவர் வாழ்க்கை முடிந்திருந்தால் அவரை வில்லன் நடிகர் என்று எவரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

1952இல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்துடன் இணைந்து மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'தி ஜங்கிள்' ஆங்கிலப் படத்திலும் நம்பியார் நடித்தார். ராட் கேமரான், மேரி விண்ட்சர், சீசர் ரொமேரோ ஆகியோர் அதில் நடித்தனர். ரொமேரோவின் பிற்காலப் புகழ் 1960களின் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் ஏற்ற ஜோக்கர் வேடத்தில் தங்கிவிட்டது. 1994இல் அவர் மறைந்தபின்னும் அவ்வேடமே அவருக்கு முகவரி. ஒரே படத்தில் நடித்த இரு நாட்டு நடிகர்கள் இருவருமே பிற்காலத்தில் ஏற்ற எதிர்நாயக வேடங்களுக்குள் அடைபட்டுப்போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பின்னோக்கி எழுதும் பழக்கம் தமிழ் இதழியலுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அது போதிய சான்று.

மனோகரும் மனோரமாவும்

இராசிபுரம் சுப்பிரமணியன் மனோகர் (1925-2006) இன்றைய நாமக்கல் மாவட்டப் பகுதியைச் சேர்ந்தவர். பெயரின் முதலெழுத்திலேயே ஊரைத் தாங்கியிருந்தும் அவர் எவராலும் இவ்வட்டாரக் கலைஞராக எழுதப்படவில்லை. அவருடைய மறைவுக்குப்பின் 'நாடகக் காவலர்' என்ற பட்டமும் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவும் முதன்மை பெற்றன. அது நியாயமானதே. 'இலங்கேஸ்வரன்', 'சாணக்கிய சபதம்', 'சூரபத்மன்', 'இந்திரஜித்' போன்ற நாடகங்களையும் அவற்றின் தந்திரக் காட்சிகளையும் பெருஞ்செலவிலான அரங்க அமைப்பையும் விட்டுவிட்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மேடையைப் பேச இயலாது. திரையைப் பொறுத்தவரை அவரும் வில்லன் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். ஆனால் 'வண்ணக்கிளி' (1959), 'கைதி கண்ணாயிரம்' (1960), 'கொஞ்சும் குமரி' (1963) என்று தொடரும் சேலம் படங்களில் அவர் கதையின் ஓரத்தில் நிற்பவர் அல்லர். மேடையில் இராவணனையும் சூரபத்மனையும் தலைமை மாந்தராக்கிய கலைஞருக்கு, நாயகன்–வில்லன் என்ற எல்லைக்கோட்டைத் தளர்வாக வைத்திருந்த நிறுவனம் ஒத்துப்போனது வியப்பன்று. மேடைக்கும் திரைக்கும் இடையே காரணகாரியத் தொடர்பு உண்டென இங்கு வாதிடவில்லை. இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதும் வழக்கத்தால் இந்த ஒப்புமையே கண்ணுக்குப் படாமல் போனது என்பதே கருத்து.

'கொஞ்சும் குமரி'யில் மனோகருக்கு இணையான கதாநாயகி மனோரமா (1937-2015). 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகமானவருக்குக் கதாநாயகி வேடம் தந்தது சேலம். அதே 1963இல் சுந்தரம் மறைந்தார். மனோரமாவின் அஞ்சலிக் குறிப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்ற எண்ணும், 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியும், 'ஆச்சி' என்ற அழைப்பும் முன்னிற்கின்றன. 'கொஞ்சும் குமரி' குறிப்பிடப்படும்போதும் ஒரு வியப்புச் செய்தியாகவே குறிப்பிடப்படுகிறது. நகைச்சுவை நடிகை நாயகியானது ஏன் வியப்பாகிறது என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. அவர் ஏன் தொடர்ந்து நாயகியாக முடியவில்லை என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்கு விடை அவரது திறமையில் இல்லை. மாதச் சம்பளமும் நிறுவன அமைப்பும் தளர்ந்து நட்சத்திரத்தை மையமாகக்கொண்ட சந்தை வலுப்பெற்ற 1960களின் தொழில் மாற்றத்தில் தேடவேண்டும்.

சின்னத்திரையும் நினைவும்

நினைவை மாற்றியெழுதும் ஆற்றல் தொலைக்காட்சிக்கும் உண்டு. 1941இன் 'சபாபதி'யில் காளி என். ரத்தினத்துடன் நடித்த சி. டி. ராஜகாந்தம் (மறைவு 2002), 1990களின் பிற்பகுதியில் 'விடாது கறுப்பு' தொடரில் முதியவளாகத் தோன்றினார். இரண்டையும் ஒருவரே நடித்தார் என்று அறியாமல் அத்தொடரைப் பார்த்தவர்களே மிகுதி. 'மந்திரி குமாரி'யின் மலைக்காட்சிப் பாடலை ஜிக்கியுடன் பாடிய திருச்சி லோகநாதன் அவருடைய மருமகன். இத்தகைய குடும்ப, தொழில் உறவுகள் தனியாள் குறிப்புகளில் சிதறிக்கிடக்கின்றன. நிறுவனவாரியாகத் தொகுத்தால்தான் அவை ஒரு வலையாகத் தெரியும்.

அவ்வாறு தொகுப்பதற்கு மூலங்கள் இல்லாமலில்லை. ஒவ்வொரு படத்திற்கும் அச்சிடப்பட்ட பாட்டுப்புத்தகங்களில் நடிகர் பெயர்கள் வேடத்துடன் தரப்பட்டன. வெளியீட்டுக் காலத்திலேயே அச்சானவை என்பதால் அவை பிற்காலப் புகழை அறியாதவை. அவற்றின் பெயர்வரிசை அன்றைய மதிப்பைக் காட்டுகிறது. பிலிம் நியூஸ் ஆனந்தனின் (மறைவு 2016) தொகுப்பும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பாட்டுப்புத்தகச் சேகரிப்பும் இவ்வகையில் பயன்படுவன. படத்தலைப்புவாரியாக உள்ள அவற்றின் தரவை நிறுவனம், ஆண்டு, வேடம், பெயர் வரிசை என்னும் நான்கு கூறுகளில் மறுபட்டியலிடுவது முதற்பணி. சேலம் தரப்பில் செய்யவேண்டியது வேறொன்று. ஏற்காடு சாலை வளாகத்தில் தச்சராகவும், ஒப்பனையாளராகவும், துணைநடிகராகவும் பணியாற்றியோரின் குடும்பங்களில் எஞ்சியிருக்கக்கூடிய சம்பளச் சீட்டுகள், ஒளிப்படங்கள், வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைப் பதிவுசெய்யவேண்டும். 1937இல் இருபது வயதில் அவ்வளாகத்திற்குள் நுழைந்தவர் இன்று இருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பார். 1960களில் அங்குப் பணியில் சேர்ந்தோரே எண்பதை எட்டியிருப்பார்கள். களப்பணிக்கான கால அட்டவணையை இந்தக் கணக்கே வகுத்துவிடுகிறது.