சர்ப்பகந்தி முதல் சின்டமில் வரை



அணுசக்தி நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு லித்தியம் என்னும் பெயர் புதிதன்று. உலோகங்களுள் மிக இலேசானது அது. அதன் உப்பு மனநோய் மருத்துவமனையின் மருந்துப் பேழையிலும் இருக்கிறது என்றால் சிலர் வியப்படையக்கூடும். களிப்பின் உச்சிக்கும் துயரத்தின் பாதாளத்துக்குமாக மனிதனை மாறிமாறி எறிகின்ற நோய் ஒன்று உண்டு. அதன் களிவெறி நிலையை இந்த உப்பு தணிக்கும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எடுத்துக் காட்டினார். அதே 1949-இல், அணுசக்தி நகரிலிருந்து சிறிது தொலைவே உள்ள பரேலிலும் ஒரு வரலாறு தொடங்கிற்று. நாம் சொல்ல வந்தது அதைத்தான்.

சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப்பிரமைக்குக் கொடுத்து வந்தனர். வடநாட்டில் அதற்குப் ‘பைத்திய மருந்து’ என்றே பொருள்படும் பெயர் வழங்கிற்று. 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் ஒருங்கே தணிக்கிறதென்று எழுதினர். அக்காலத்திலேயே தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். எனினும் உலகம் திரும்பிப் பார்த்தது பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை வெளிவந்த பிறகே. கே.ஈ.எம். மருத்துவமனையில் 50 நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்துக் கண்ட பயனை அவர் 1949-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அவ்வேரினின்று ரெசர்பினைப் பிரித்தனர். 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1957-இல் லாஸ்கர் பரிசு பெற்றோர் வரிசையில் வக்கீலும் கிளைனும் ஒருங்கே இடம் பெற்றனர்.

இங்கே ஒரு திருப்பம் நேர்ந்தது. இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பின் உண்டவர்களுட் சிலர் காரணமின்றித் துயரத்தில் ஆழ்ந்தனர். 1955-இல், அம்மருந்து மூளையிலுள்ள செரடோனின் என்னும் பொருளைக் குறைத்துவிடுகிறது என்று பிராடியின் குழுவினர் கண்டனர். அப்படியானால் அத்தகைய பொருள்களைப் பெருக்கினால் துயரம் நீங்குமோ? இக்கேள்வி அடுத்த தலைமுறை ஆராய்ச்சி முழுவதையும் ஆட்கொண்டது. ரெசர்பின்மீது சாட்டப்பட்ட பழி மிகையானது என்று பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். ஆயினும் அந்தக் கேள்வி தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபுறம், காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளைக் குதூகலமாக்கிற்று. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்பிரமினைச் சோதித்து, 1957-இல் சூரிச் மாநாட்டில் அறிவித்தார். அவையில் கேட்டிருந்தவர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேரே!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நோயின் பெயரே ஒரு தொல்லை. ஒரே ஆங்கிலச் சொல்லை வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறோம். பொருளாதாரத்தில் மந்தம் என்கிறோம். மருத்துவத்தில் மனச்சோர்வு என்கிறோம். ‘சோர்வுதானே, தூங்கி எழுந்தால் போய்விடும்’ என்று வீட்டார் சொல்வதற்கு நாம் தேர்ந்த சொல்லும் ஒரு காரணமோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது.

1963-இல் சிபா நிறுவனம் பம்பாய் கோரேகாவ்னில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய டி. ஆர். கோவிந்தாச்சாரி அதன் இயக்குநரானார். அங்கே பணியாற்றிய வேதியியலார் கே. நாகராஜனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மருந்து நைட்ராக்ஸசெப்பின். இமிப்பிரமினைப் போல மூன்று வளையம் கொண்டது. பக்கக் கிளையும் அதற்குரியதே. நடு வளையத்தில் ஆக்சிஜன் புகுந்திருக்கும். 1982-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் வணிகப் பெயர் சின்டமில். அயலூரில் வாழும் நம் காதில் அது ‘செந்தமிழ்’ என்றே விழுகிறது. அந்த மகிழ்ச்சியை மறைப்பானேன்!

மருந்து கண்டவரோடு வரலாறு முடிவதில்லை; அதைக் கொடுக்கும் செவிலியர் கையில் மறுபாதி இருக்கிறது. மூவளைய மருந்துகளை உண்டால் வாய் உலர்தலும் மலச்சிக்கலும் மயக்கமும் முதல் நாட்களிலேயே வந்துவிடும். மனம் தெளிவதற்கோ இரண்டு மூன்று வாரம் வேண்டும். இந்த இடைவெளியிலேதான் பலர் மருந்தை விட்டுவிடுகின்றனர். துயரம் நீங்குமுன் உடலில் சுறுசுறுப்பு திரும்பிவிடுவதும் உண்டு. தற்கொலை எண்ணம் உடையவர்க்கு அது மிக ஆபத்தான காலம். மாத்திரைகளைச் சேர்த்துவைத்து ஒருங்கே விழுங்கினால் இருதயமே நின்றுவிடலாம். ஆதலால் விழுங்கும்வரை செவிலியர் அருகே நிற்கின்றனர். லித்தியம் உண்போருக்கு இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். மும்பையின் கோடை வியர்வையில் நீரும் உப்பும் குறைந்தால் அவ்வளவு ஏறும்; கை நடுக்கம் மிகும், வாந்தி வரும், நடை தள்ளாடும். உடல்வலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் அவ்வாறே அதை ஏற்றும்.

இன்று சின்டமிலைவிடப் புதிய மருந்துகளே மிகுதியாக வழங்குகின்றன. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிய தாய்க்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ‘நெஞ்சிலே ஏதோ கல் வைத்தாற்போல இருக்கிறது’ என்று அவள் சொன்னால், மருத்துவர் இருதயத்தைச் சோதித்து அனுப்பிவிடக்கூடும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி, எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் கட்டணமின்றிக் கிடைக்கும். பேசுவதற்குத் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம். அதன் எண் 14416.